வெள்ளம் என்று சொல்லக்கூடாத ஊர்

ராவின் செஷ் ஊரில் வெள்ளம் என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுப்பதில்லை. ஊர்ப் பெயருக்கு வறண்ட ஓடை என்று அர்த்தம். ஆனால் மலையில் நல்ல மழை பெய்துவிட்டால் அந்த வறண்ட ஓடைதான் மரத்தையும் மாட்டையும் உருட்டிக்கொண்டு வரும். அதை வெள்ளம் என்று சொல்வதில் தப்பே இல்லை. தப்பு என்னவென்றால், ஓட்டு வாங்கி ஜெயித்த அதிபரின் ஆட்களும் தங்களுக்கு அதே பெயரைத்தான் வைத்துக்கொண்டார்கள். ஊர் ஊராக ‘வெள்ளம் வருது’ என்று பாடிக்கொண்டே போய் ஓட்டு வாங்கினார்கள். வருஷம் திரும்புவதற்குள் ராணுவம் அதிபரை விமானத்தில் ஏற்றி நாட்டை விட்டு அனுப்பியது. அந்த வார்த்தையும் அவரோடு ஏறிப் போய்விட்டது.

போன மழைக்காலத்தில் ஆட்டுக்காரர் தெரீல், விவரம் புரியாமல், ராணுவம் நியமித்த பகுதித் தலைவர் நோர்வில் முன்னால் போய் நின்று, “வெள்ளம் என் ஆட்டைக் கொண்டுபோயிடுச்சுங்க” என்று அழுதார். நோர்வில் அவரைச் சப்பாத்திக் கள்ளிச் செடி ஓரமாக அழைத்துப்போய்த் தன் தடியால் விசாரித்தார். திரும்பி வந்த தெரீல், ஆடு தானாகவே நடந்து போய்விட்டது என்று எல்லோரிடமும் சொன்னார். அன்று முதல் ஓடை பெருகினால் ‘தண்ணி இறங்குது’ என்று சொல்வதே ஊர் வழக்கமாயிற்று. சிப்பாய்களும் அப்படியே சொன்னார்கள். சின்னக் குழந்தைகளுக்கு வேறு வார்த்தை இருந்ததே தெரியாது.

அதிபரைத் திரும்பக் கொண்டுவருவதற்காக வெளிநாட்டுக்காரர்கள் போட்டதுதான் பெட்ரோல் தடை. ராணுவம் பதவியை விட்டு இறங்குகிறவரை நாட்டுக்குள் கப்பல் வராது, எண்ணெய் வராது என்றார்கள். அம்பாகோ என்று அதற்குப் பெயர். அந்த ஊர்ப் பேச்சில் அதை வேகமாகச் சொன்னால் ‘பெரியவனுக்கு அடியில்’ என்றும் காதில் விழும். சரியாகத்தான் விழுந்தது. பெரியவர்கள் மேலேயே இருந்தார்கள், அடியில் இருந்தவர்கள் நசுங்கினார்கள். பெட்ரோல் மட்டும் ஏரிக்கு அந்தப் பக்கத்து நாட்டிலிருந்து படகில் ஏறி ஜாம் ஜாம் என்று வந்துகொண்டிருந்தது.

வந்த பெட்ரோலைச் சாலையோரத்தில் கேன்களில் வைத்து விற்றவர்களில் இஸ்மெனியும் ஒருத்தி. முன்பு அவள் காய்கறி விற்றவள். லாரி ஓடாமல் காய்கறி அழுகத் தொடங்கியதும் பெட்ரோலுக்கு மாறினாள். அவளுடைய பாவாடை, தலைத்துணி, முடி எல்லாமே பெட்ரோல் நாற்றம். மாதா கோயிலில் அவள் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றவே பயமாக இருக்கிறது என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

அவளிடம் அதிகம் வாங்கியவர் நோர்வில்தான். தடை வருமுன் கழுதையில் போன மனுஷன். தடை வந்த பிறகு எல்லைச் சாலையில் போகிற ஒவ்வொரு படகுச் சரக்குக்கும் பங்கு எடுத்து ஒரு ஜீப் வாங்கிவிட்டார். அந்த ஜீப்பில் ஏறித்தான் அவர் வெள்ளத்துக்காரர்களை வேட்டையாடினார். வேட்டையாடப்பட்டவர்களில் இஸ்மெனியின் புருஷன் செலோமும் உண்டு. தேர்தல் அன்று ஓட்டுச்சாவடியில் உட்கார்ந்து கள்ள ஓட்டு விழாமல் பார்த்துக்கொண்டான், அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். இப்போது அவன் ஆட்டு மலையில் ஒளிந்திருந்தான்.

அது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி இஸ்மெனி, இன்னொருத்தி செலோமின் தங்கை சென்தனீஸ். இஸ்மெனி மரவள்ளி ரொட்டி சுட்டுத் துணியில் கட்டிக் கொடுப்பாள். சென்தனீஸ் விறகு பொறுக்கப் போகிற சாக்கில் கொண்டுபோய்க் கொடுப்பாள். திரும்பி வரும்போது அண்ணன் சொன்னதைச் சொல்வாள். அவன் சொல்வது எப்போதும் ஒன்றுதான்.

“நோர்விலுக்கு விக்காதன்னு சொல்லச் சொல்லுச்சு அண்ணி. இந்தத் தடைதான் நான் வீட்டுக்கு வர்ற வழி, அந்த வழியில நீயே ஓட்டை போடாதன்னுச்சு.”

“அந்தத் துணியில கட்டிக் கொடுத்தேனே ரொட்டி, அது எந்தக் காசுல வந்துச்சுன்னு கேட்டுட்டு வந்தியா?”

“கோபப்படாத அண்ணி. ரேடியோவுல சொன்னாங்க, தடை நல்லா வேலை செய்யுதாம். இன்னும் இறுக்கப் போறாங்களாம். இறுக்கட்டும். மூச்சு முட்டினாத்தான் அவனுங்க விழுவானுங்க.”

“யார் கழுத்துல இறுக்குறாங்கன்னு ரேடியோவுல சொன்னாங்களா? நோர்வில் கழுத்து நாளுக்கு நாள் தடிச்சுக்கிட்டுத்தான் போகுது.”

சென்தனீஸ் கண்ணைக் கேன்களின் மேல் ஒரு சுற்று ஓட்டினாள். அந்தப் பார்வை இஸ்மெனிக்குப் பிடிக்கவில்லை. நோர்விலுக்கு விற்கிறவள் நோர்விலுக்கு வேறென்ன கொடுக்கிறாளோ என்று கேட்கிற பார்வை அது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜீப் அவள் முன்னால் வந்து நின்றது. நோர்வில் இறங்காமல் உட்கார்ந்தபடியே பேசினார். இடது காது அவருக்கு மந்தம். தன் துப்பாக்கிச் சத்தத்திலேயே போன காது. அதனால் தலையை எப்போதும் சாய்த்தே வைத்திருப்பார். பார்க்கிறவர்களுக்கு, எதையோ சந்தேகப்படுகிறார் என்று தோன்றும்.

“மதாம் செலோம், நாளைக்குக் காலையில டேங்க் நிறைய வேணும். நல்ல சரக்கா எடுத்து வை.”

“வைக்கிறேங்க. தூரமா போறீங்களோ?”

“ஆட்டு மலைக்கு. ரொம்ப நாளாச்சு அந்தப் பக்கம் போய். காத்து நல்லா இருக்குமாம்ல?”

“எனக்கென்ன தெரியும்ங்க, நான் சாலைய விட்டு எங்க போறேன்.”

“அதுவும் சரிதான்” என்று சிரித்துவிட்டுப் போனார்.

இஸ்மெனி ஜீப் போன திசையையே பார்த்தாள். யார் சொன்னது? அவள் சொல்லவில்லை. அப்படியானால் சென்தனீஸ். ஆனால் கூடப் பிறந்தவள் சொல்வாளா? பசி எதையும் சொல்ல வைக்கும். சிப்பாய்கள் வீட்டில் அரிசி மூட்டை இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். போன வாரம் சென்தனீஸ் வீட்டு அடுப்பில் அரிசி கொதித்த வாசனை வந்ததே, அது எங்கிருந்து வந்தது? நினைக்க நினைக்க அந்த வாசனை பெரிதாகிக்கொண்டே போனது.

நேராகப் போய்க் கேட்டாள்.

“நாளைக்கு அவன் ஆட்டு மலைக்குப் போறான். உனக்கு யார் அரிசி கொடுத்தா?”

சென்தனீஸ் கையிலிருந்த உலக்கையைக் கீழே வைத்தாள். “கன்னியாஸ்திரிங்க கொடுத்த நிவாரண அரிசி. ஊருக்கே கொடுத்தாங்க, நீ பெட்ரோல் விக்கிற மும்முரத்துல வரல. சரி, நான் ஒண்ணு கேக்குறேன். அவன் ஜீப் உன் கடையில நிக்கிற மாதிரி வேற யார் கடையில நிக்குது?”

“என் புருஷனை நானே காட்டிக் கொடுப்பேனா?”

“என் அண்ணனை நானே காட்டிக் கொடுப்பேனா?”

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான், ஆனாலும் இரண்டு பேருக்கும் நம்பிக்கை வரவில்லை. கடைசியில் சென்தனீஸ்தான் தழைந்து பேசினாள்.

“இப்பவே நான் மலைக்கு ஓடிப் போய்ச் சொல்லிடுறேன்.”

“போகாத. எதுக்கு அவன் என்கிட்ட சொன்னான்னு யோசி. எந்த மலைக்குப் போறேன்னு எவனாவது வேட்டைக்கு முன்னாடி தம்பட்டம் அடிப்பானா? மலை தெரியும், மலையில எந்த இடம்னு அவனுக்குத் தெரியாது. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தி ஓடுவா, பின்னாடியே போயிடலாம்னு காத்துக்கிட்டிருக்கான்.”

“ஓடலைன்னா நாளைக்கு மலைய அரிச்சுத் தேடிப் பிடிச்சிடுவானே.”

“ஜீப் போனாத்தானே தேடுவான்” என்றாள் இஸ்மெனி. சென்தனீஸிடம் முழுதாகச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, நோர்விலுக்கு ஒதுக்கிய கேன்களில் தண்ணீர் கலந்தாள். பெட்ரோல் வாங்குகிறவர்கள் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிப் பார்ப்பார்கள். சுத்தமானதாக இருந்தால் ஜில்லென்று இருந்துவிட்டு உடனே காய்ந்துவிடும், தண்ணீர் கலந்திருந்தால் ஈரம் நிற்கும். ஆனால் கேனை அசைக்காமல் வைத்திருந்தால் தண்ணீர் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே இருப்பது நல்ல பெட்ரோல்தான். ஊரில் கலப்படம் செய்கிற எல்லோருக்கும் இது தெரியும். நோர்விலிடம் செய்ய யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

நோர்வில் வந்தார். உள்ளங்கையை நீட்டினார். அவள் மெல்லச் சாய்த்து ஊற்றினாள். காய்ந்தது. அவருடைய ஆள் ஃபீத்தோ கேன்களை டேங்கில் கவிழ்த்தான். ஜீப் புகை கக்கிக்கொண்டு கிளம்பியது. இஸ்மெனி பெஞ்சில் உட்கார்ந்து, மாதாவே, எங்கேயாவது தூரத்தில் போய் நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

தூரம் போகவில்லை. ஊர் எல்லையில் ஓடையைக் கடக்கும்போதே இரண்டு தடவை இருமிவிட்டு ஜீப் நின்றுபோனது. சரியாக ஓடையின் நடுவில், கூழாங்கல் மேல். ஃபீத்தோ மூச்சிறைக்க ஓடி வந்தான்.

“தலைவர் கூப்பிடுறார். நீ போ. நான் வண்டி தள்ள ஆள் பாக்குறேன்.”

ஆள் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். ஜீப் நின்ற செய்தி அதற்குள் ஊரெல்லாம் பரவி, ஆம்பிளைகள் எல்லோருக்கும் திடீரென்று கொல்லைப்புறத்தில் வேலை வந்துவிட்டது.

ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஓடினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. நடந்தே போனாள். ஓடைக்கரையில் லூயிஸிமேன் என்ற பெண் ஒரு குட்டையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இஸ்மெனியைப் பார்த்ததும் தலையைக் குனிந்து துணியை வேகமாக அடித்தாள். ஊருக்கு மேல் வெயில் சுட்டெரித்தது. ஆட்டு மலை மட்டும் மேகத்துக்குள் இருந்தது.

நோர்வில் கோபமாக இல்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. ஜீப்பின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் பெட்ரோல் வடித்து வைத்திருந்தார். புட்டியின் அடியில் தண்ணீர் தனியாகத் தெரிந்தது.

“கிட்ட வா, மதாம் செலோம். இது என்ன?”

“படகுக்காரங்க கலந்திருப்பாங்க தலைவரே. நான் வாங்கி விக்கிறவ.”

“படகுக்காரன் எனக்குப் பயப்படுவான். பயப்படாம இதைச் செய்ய ஒரு காரணம் வேணும். உனக்கு ஒரு காரணம் மலை மேல இருக்கு.” புட்டியை பானட் மேல் நிதானமாக வைத்தார். “உன் நாத்தனார சந்தேகப்பட்டிருப்பியே? பாவம், அவ ஒண்ணும் சொல்லல. சொன்னது நீ.”

“நானா?”

“உன் ரொட்டி. ஆட்டு மலையில விளக்கு ஏத்த எண்ணெய் கிடையாது. கார் கிடையாது, லாரி கிடையாது. அங்க கரி சுடுறவன் ஒருத்தன் என்கிட்ட வந்து சொல்றான், எவனோ ஒளிஞ்சிருக்கான், அவன் தின்னு போட்ட ரொட்டித் துண்டுல பெட்ரோல் வாசனை அடிக்குதுன்னு. பெட்ரோல் துடைக்கிற துணியிலயே புருஷனுக்கு ரொட்டி கட்டுறவ இந்த ஊர்ல எத்தனை பேர்?”

இஸ்மெனி தன் கையை முகர்ந்து பார்க்கவில்லை, ஆனால் வாசனை வந்தது. இத்தனை நாள் மூக்குக்குப் பழகிப்போய்த் தெரியாமலேயே இருந்த வாசனை. சென்தனீஸிடம் என்ன வார்த்தை கேட்டுவிட்டோம் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் தூரத்தில் லாரி வருகிற மாதிரி இருந்தது. லாரி ஓடாத காலத்தில் ஏது லாரி? அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஓடை திரும்புகிற இடத்தில், பழுப்பு நிறத்தில் ஒரு சுவர் மரக்கிளைகளோடு புரண்டு வந்துகொண்டிருந்தது. நோர்வில் அதற்கு முதுகைக் காட்டி நின்றார். அவருடைய மந்தமான காதுதான் அந்தப் பக்கம் இருந்தது. அவள் கரையோரமாக நின்றாள். இரண்டு எட்டு வைத்தால் மேடு.

அவள் வாயைத் திறந்தாள்.

“வெள்ளம் வருது தலைவரே.”

நோர்விலின் முகம் மாறியது. இத்தனை நேரம் வராத கோபம் அப்போது வந்தது.

“என்ன சொன்ன?”

“வெள்ளம் வருது.”

“என் மூஞ்சிக்கு நேராவே பாட ஆரம்பிச்சிட்டியா?” என்று இடுப்பிலிருந்த துப்பாக்கியைத் தேடிக்கொண்டே அவளை நோக்கி வந்தார். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. முன்பு பாடிக்கொண்டே ஓட்டுக் கேட்டு வந்த கூட்டம் நிற்கிறதா என்று அவள் பக்கத்துக் கரையைத்தான் பார்த்தார். இஸ்மெனி மேட்டில் விழுந்தடித்து ஏறினாள். திரும்பியபோது ஓடையில் ஜீப்பும் இல்லை, மனுஷரும் இல்லை. தண்ணீர்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஏரியோரச் சேற்றில் அவரை எடுத்தார்கள். நகரத்திலிருந்து சிப்பாய்கள் வந்து விசாரித்தார்கள். ஃபீத்தோ தான் ஆள் தேடப் போயிருந்ததாகச் சொன்னான். ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் “தண்ணி இறங்குச்சுங்க” என்றார்கள். ஜீப்பும் புட்டியும் ஏரிக்குள் போய்விட்டதால் பெட்ரோலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஆனால் கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த லூயிஸிமேன் அவர்கள் பேசியதைக் கேட்டிருந்தாள். அவள் ஒருத்தியிடம் சொன்னாள், ஒருத்தி ஊரிடம் சொன்னாள். ‘தண்ணி இறங்குது’ என்று சொல்லியிருந்தால் அந்த ஆள் ஓடிப் பிழைத்திருப்பான். அவனே சொல்கிற வார்த்தைதானே அது. இஸ்மெனி அதைச் சொல்லாமல் பழைய வார்த்தையைச் சொன்னாள், அதுவும் இரண்டு தடவை. வாய் தவறியதா, வேண்டுமென்றே சொன்னாளா? யாரும் அவளிடம் கேட்கவில்லை. கடைப்பக்கம் வருகிற ஆம்பிளைகள் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஆட்டுக்காரர் தெரீல் ஒரு ஆட்டுத் தொடையைக் கொண்டுவந்து பேசாமல் வைத்துவிட்டுப் போனார். அந்த மரியாதை அவளுக்கு முதுகில் சில்லிட்டது. தனியாக இருக்கும்போது இரண்டு வார்த்தையையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். அன்றைக்கு எது முதலில் நாக்கில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊரே கோயிலில் இருந்த நேரத்தில் செலோம் பின்வாசல் வழியாக வந்தான். இளைத்துப் போயிருந்தான். அவனைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கட்டிக்கொள்ளப் போனவள் தன் கை நாற்றம் நினைவுக்கு வந்து நின்றாள். அவனும் எட்டியே உட்கார்ந்தான்.

“சென்தனீஸ் எல்லாம் சொன்னா. ரேடியோவுலயும் சொல்றான், தடை வேலை செய்யுதாம். ஒருத்தன் ஒழிஞ்சான் பாத்தியா?”

“அவன் ஒழிஞ்சது தடையாலயா?”

“பின்ன?” என்றவன் குரலைத் தாழ்த்தினான். “இஸ்மே, ஒண்ணு கேக்கணும். அவனை எதுக்கு நீ எச்சரிச்ச?”

அவளுக்குப் புரியவில்லை. “என்ன?”

“தண்ணி வர்றதப் பாத்தேல்ல? பேசாம நின்னிருந்தாப் போதும். வாயத் திறந்து சொல்லியிருக்க. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. அவன் புரிஞ்சுக்கல, அது அவன் விதி. நீ எதுக்குச் சொன்ன? என்னைப் பிடிக்கப் போனவன் உனக்கு அவ்வளவு வேண்டியவனா?”

ஊர் அவளைக் கொலைகாரி என்று நினைத்து வணங்கியது. புருஷன் அவளை நோர்விலைக் காப்பாற்றப் பார்த்தவள் என்று நினைத்துக் கேட்டான். இரண்டுக்கும் காரணம் அந்த ஒரே வார்த்தைதான்.

“வாயில வந்துச்சு, சொன்னேன்” என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். நம்பினான் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அவள் எழுந்து, மூன்று தடவை கை கழுவி, கோயிலுக்குப் போடுகிற வெள்ளைத் துணியில் ரொட்டியைக் கட்டிக் கொடுத்தாள். பழைய ரொட்டித் துணியின் கதையையும் மறைக்காமல் சொன்னாள். அவன் பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோனான். பிறகு மேஜை மேல் திருப்பி வைத்தான்.

“வேண்டாம் விடு. அங்க கிடைக்கிறதத் தின்னுக்கிறேன்.”

“எங்க? ஆட்டு மலையிலயா இருக்கப் போற?”

“இல்ல. வேற மலைக்குப் போறேன்.”

“எந்த மலைக்கு?”

“அது எதுக்கு உனக்கு?”

எரிச்சலில்லாமல்தான் சொன்னான், அவள் நல்லதுக்கு என்கிற மாதிரி. போய்விட்டான். வாழைத் தோட்டத்துக்குள் அவன் முதுகு மறைகிறவரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லையில் படகுகள் வந்துகொண்டுதான் இருந்தன, ரேடியோ பேசிக்கொண்டுதான் இருந்தது. தடை நோர்விலுக்கு ஜீப் கொடுத்தது, அவளிடமிருந்து புருஷனின் நம்பிக்கையை எடுத்துக்கொண்டது. அழக்கூட முடியாமல் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த வாரம் சாலையில் ஹாரன் கேட்டது. புது ஜீப், புதுத் தலைவர். இளம் வயது, இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். இறங்கி வந்து மரியாதையாகத் தொப்பியைத் தொட்டார்.

“மதாம் செலோம் நீங்கதானே? நல்ல சரக்கு உங்ககிட்டதான் கிடைக்கும்னாங்க.”

“இருக்குங்க.”

“டேங்க் நிறைய வேணும். நாளைக்கு மலைப் பக்கம் போகவேண்டியிருக்கு.”

இஸ்மெனி கேன்களைப் பார்த்தாள். வீட்டுக்குள் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. இந்த ஆள் போகிற மலையில் செலோம் இருந்தால் கலக்கவேண்டும். இல்லையென்றால் வீணாகச் சாவதற்கு அவளுக்கு ஆசை இல்லை.

“எந்த மலைக்குங்க?” என்று கேட்டாள்.

புதுத் தலைவர் உள்ளங்கையை நீட்டிக்கொண்டே சிரித்தார்.

“அது எதுக்கு உங்களுக்கு?”